94இல் நின்றுவிட்ட இணையம்

வீட்டில் இணையம் மெதுவாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், "வேகச் சோதனை எவ்வளவு காட்டுகிறது?" என்றுதான் முதலில் கேட்பேன். "மெதுவாக" என்ற சொல்லை வைத்துக்கொண்டு எதையும் தேட முடியாது. "இரவில்தான் மோசம், காலையில் பரவாயில்லை" என்றால் தேட வேண்டிய இடம் ஒன்று. "வைஃபையில் நன்றாக ஓடுகிறது, வயரில் இழுபடுகிறது" என்றால் வேறொன்று. "எந்த நேரம் பார்த்தாலும் 94 மெகாபிட்" என்றால், வீட்டுப் படி ஏறுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிட்டது.

கல்லடியில் இருக்கும் என் அக்காவின் மகன் சொன்னது மூன்றாவது வகை. வெளிநாட்டுக்காரர்களுக்கு வீடியோ தொகுத்துக் கொடுப்பது அவனுக்குத் தொழில். பெரிய கோப்புகளை இறக்குவதும் ஏற்றுவதுமாகவே அவனுடைய நாள் போகும். ஃபைபர் இணைப்பு, செக்கனுக்கு 300 மெகாபிட் என்று மாதாமாதம் பணம் கட்டுகிறான். ரவுட்டர் கீழே விறாந்தையில் இருக்கிறது. மாடி அறைக்கு வைஃபை சரியாக எட்டவில்லை என்பதால் சுவருக்குள்ளால் வயர் இழுத்து வைத்திருக்கிறான்.

"வயர் போட்டும் 94க்கு மேல் ஏறவே இல்லை மாமா. நிறுவனத்துக்கு அடித்தால் தங்கள் பக்கம் எல்லாம் சரி என்கிறார்கள். இன்னும் பெரிய பொதிக்கு மாறிப் பாருங்கள் என்றும் சொல்கிறார்கள்."

"மாறிவிடாதே. ஆயிரத்துக்கு மாறினாலும் உன் அறையில் 94தான் வரும்" என்றேன்.

நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவன். கணினி வலையமைப்பு என் தொழில் அன்று. என்றாலும் இந்த 94 ஒரு கணக்கு வாத்தியாருக்கென்றே செய்துவைத்த எண் போல இருப்பதால், இதைப் பலருக்கும் கரும்பலகை இல்லாமலே விளக்கியிருக்கிறேன். கணினியையும் ரவுட்டரையும் இணைக்கிற ஈதர்நெட் வயரில் தரவு பொட்டலம் பொட்டலமாகப் போகிறது. ஒரு பொட்டலத்துக்குள் 1,500 பைட் வைக்கலாம். அதில் 40 பைட் முகவரிக்கும் ஒழுங்குக்கும் போய்விடும்; நேரக்குறியும் சேர்ந்தால் இன்னும் 12 போகும். மிஞ்சுவது 1,448. இனி வெளிச்செலவு: பொட்டலத்தின் தலைப்புக்கு 14, பிழை பார்க்கும் எண்ணுக்கு 4, "வருகிறேன்" என்ற முன்னறிவிப்புக்கு 8, அடுத்த பொட்டலத்துக்கு முன் விட வேண்டிய இடைவெளிக்கு 12. எல்லாம் கூட்டினால் 1,448 பைட் பயனுள்ள தரவுக்காக 1,538 பைட்டுக்கான நேரம் வயரில் செலவாகிறது. வகுத்துப் பாருங்கள்: 0.9415. வயர் 100 மெகாபிட்டில் ஓடினால் கைக்கு வருவது 94. வயர் 1,000 மெகாபிட்டில் ஓடினால் 941.

எனவே 300க்குப் பணம் கட்டியவருக்கு 94 வந்தால், கணினியிலிருந்து ரவுட்டர் வரையான வழியில் எங்கோ ஓரிடம் 100இல் ஓடுகிறது என்று துணிந்து சொல்லிவிடலாம். நிறுவனத்தின் பக்கம் நெரிசல் என்றால் எண் இப்படி ஆணி அடித்தது போல நிற்காது. 210, 140, 260 என்று ஏறி இறங்கும். (இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். பதிவிறக்கப் பெட்டி "11 எம்பி" என்று காட்டினால் அது மெகாபைட். எட்டால் பெருக்கினால்தான் நிறுவனம் விற்கிற மெகாபிட் வரும். "100 தருவதாகச் சொல்லி 11 தருகிறார்கள்" என்று சண்டைக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.)

ஆயிரத்தில் ஓடக்கூடிய கருவிகள் இரண்டும் ஏன் 100க்கு இறங்குகின்றன என்பதற்கு வயரின் உறையை உரித்துப் பார்க்க வேண்டும். உள்ளே எட்டு இழைகள், நான்கு சோடிகள்: செம்மஞ்சள், பச்சை, நீலம், மண்ணிறம். 1995இல் தரப்படுத்தப்பட்ட 100 மெகாபிட் முறை இவற்றில் இரண்டு சோடிகளைத்தான் பயன்படுத்துகிறது. நம் ஊரில் வழக்கமாகக் கட்டும் முறைப்படி பார்த்தால் அவை செம்மஞ்சளும் பச்சையும். நீலமும் மண்ணிறமும் சும்மா கிடக்கும். 1999இல் வந்த கிகாபிட் (1,000 மெகாபிட்) முறைக்கு நான்கு சோடியும் வேண்டும். ஒரே ஓர் இழை அறுந்தாலும் கிகாபிட் போச்சு.

இதில் எனக்குப் பிடித்த பகுதி, கருவிகள் பேசிக்கொள்ளும் விதம். வயரைச் செருகியதும் இரு முனைகளும் "உன்னால் எவ்வளவு முடியும்? என்னால் இவ்வளவு முடியும்" என்று பேசிப் பொருந்துகின்றன. அந்தப் பேச்சு நடப்பது செம்மஞ்சள், பச்சைச் சோடிகளில். மண்ணிற இழை அறுந்து கிடந்தாலும் பேச்சுக்கு இடைஞ்சல் இல்லை. "ஆயிரம்" என்று ஒப்பந்தம் ஆகிவிடும். வேலையைத் தொடங்கும்போதுதான் ஒரு சோடி குறைவது தெரிகிறது. திரும்பத் திரும்ப முயன்றுவிட்டு, இன்றைய கருவிகளில் பெரும்பாலானவை ஒரு சொல்லும் சொல்லாமல் 100க்கு இறங்கி ஓடத் தொடங்குகின்றன. திரையில் எச்சரிக்கை எதுவும் வராது. இந்த இறங்கும் வசதி இல்லாத கருவியென்றால் இணைப்பே வராது. அது எவ்வளவோ மேல். வராத இணைப்பை அன்றைக்கே திருத்திவிடுவார்கள். 100இல் ஓடுகிற இணைப்போடு ஆண்டுக்கணக்கில் குடித்தனம் நடத்துவார்கள்.

வயரைக் குற்றம் சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவையும் உண்டு. நிறுவனம் தருகிற ஃபைபர் பெட்டிகளில் சில மாதிரிகளுக்கு வயர் செருகும் துளை (போர்ட்) நான்கு இருந்தாலும் அவற்றில் ஒன்று மட்டுமே கிகாபிட். மற்ற மூன்றும் 100. தொலைக்காட்சிக்குப் பின்னால் தூசி படிந்து கிடக்கிற பழைய ஐந்து போர்ட் சுவிட்ச், அதாவது ஒரு வயரைப் பல கருவிகளுக்குப் பகிர்கிற பெட்டி, 100ஆக இருக்கலாம். மெல்லிய மடிக்கணினிகளில் வயர் போர்ட் இல்லாததால் யுஎஸ்பியில் செருகுகிற குட்டிக் கருவி வாங்குகிறோம் அல்லவா, அவற்றிலும் மலிவானவை 100தான். கிகாபிட் என்று எழுதியிருந்தாலும், பழைய யுஎஸ்பி 2 வகை என்றால் அந்தத் துளையே 480 மெகாபிட்டுக்கு மேல் தராது. நடைமுறையில் அதைவிடக் குறைவு. இவை எதுவும் பழுது அல்ல. வாங்கியது அவ்வளவுதான்.

பார்க்கும் வழி எளிது. விண்டோஸில் அமைப்புகளுக்குள் போய், நெட்வொர்க் பகுதியில் ஈதர்நெட்டை அழுத்தினால் இணைப்பு வேகம் என்று ஒரு வரி இருக்கும். 1000/1000 அல்லது 100/100. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இதே வேகத்தைக் காட்ட ஈத்டூல் என்ற கட்டளை இருக்கிறது. போர்ட்டில் மினுங்குகிற பச்சை, செம்மஞ்சள் விளக்குகளை மட்டும் நம்பாதீர்கள். ஒரு கம்பனிக்குப் பச்சை என்றால் கிகாபிட், இன்னொரு கம்பனிக்கு அதே பச்சை வெறும் இணைப்பு. சோதிக்கும்போது மடிக்கணினியின் வைஃபையை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் எந்த வழியால் போனது என்று பிறகு வாக்குவாதம் வரும்.

கல்லடி வீட்டில் மடிக்கணினியைக் கீழே கொண்டுவந்து ரவுட்டரோடு நேராக ஒரு குட்டை வயரால் பொருத்தினோம். இணைப்பு வேகம் 1000, சோதனையில் 290க்கு மேல். அத்தோடு நிறுவனம் வழக்கிலிருந்து விடுதலை. மேலே அறையில் அதே மடிக்கணினி, அதே குட்டை வயர், சுவர்ப் பெட்டியில் செருகினால் 100. ஆக, இரண்டு சுவர்ப் பெட்டிகளும் இடையில் இருக்கிற வயரும்தான் மீதி. மேல் பெட்டியைத் திறந்தபோது பல்லி முட்டை ஓடுகள் உதிர்ந்தன. அவற்றைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், மண்ணிற இழை பிடிபட்டிருக்கும் உலோகப் பல்லில் பச்சைக் களிம்பு. விரலால் தொட்டதும் இழை கையோடு வந்துவிட்டது.

கல்லடிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். ஜன்னல் கம்பிக்கு ஆண்டுதோறும் வண்ணம் பூசினாலும் துரு எழும்பும். சுவர்ப் பெட்டிக்குள் இருக்கிற செப்புக்கும் அதே காற்றுத்தான். மலிவான பெட்டிகளிலும் பிளக்குகளிலும் பொன்முலாம் பெயருக்குத்தான் இருக்கிறது. உப்பும் ஈரமும் ஒன்றாகச் சேர்ந்தால் அது தாங்காது. கடலோர வீட்டில் சுவர்ப் பெட்டியை நிலத்தோடு ஒட்டி வைக்காமல் கொஞ்சம் மேலே, ஜன்னலுக்கு எதிரில் வராத இடத்தில் வைப்பது நல்லது. பயன்படுத்தாத துளைக்கு மூடி போடலாம். மருமகன் புதுப் பெட்டி வாங்கி வந்தான். வயரின் பழுதான நுனியை வெட்டிவிட்டுப் புதிதாக உரித்துப் பொருத்தினோம். இணைப்பு வேகம் 1000 என்று மாறியது. பெரிய பொதிக்கு மாறியிருந்தால் ஒவ்வொரு மாதமும் கட்டியிருக்க வேண்டிய பணத்தை நினைத்தால், அந்தப் பெட்டியின் விலையைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

94 வந்தால் அதிர்ஷ்டம் என்றுகூடச் சொல்வேன். வயரில் வருகிற தொல்லைகளில் அதுதான் மிக நேர்மையானது. காத்தான்குடியில் ஒரு துணிக்கடையில் நான் பார்த்தது அப்படிப்பட்டதன்று. முன்னால் கடை, பின்னால் வீடு. ரவுட்டர் வீட்டில், கடையின் பில் போடும் கணினிக்கு வயர் போகிறது. கணினியில் இணைப்பு வேகம் 100 என்று ஒழுங்காகக் காட்டியது. சோதனையில் ஒருமுறை 7, அடுத்த முறை 3, பிறகு திடீரென்று 20. அதே மேசையில் கைப்பேசியில் வைஃபை 60 காட்டியது.

"வயர் என்றால் வைஃபையைவிட நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்களே சேர், இங்கே தலைகீழாக இருக்கிறதே?" என்றார் கடைக்காரர். அவரை நான் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவேன்.

"வயரைக் கட்டியவர் டெஸ்டர் போட்டுப் பார்த்தாரா காக்கா?"

"பார்த்தார். எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தது. என் கண்ணாலே கண்டேன்."

எரிந்திருக்கும். அதில் பொய் இல்லை. பிளக்கின் முகத்தை உற்றுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நிறங்களைச் சோடி சோடியாக, கண்ணுக்கு அழகாக அடுக்கியிருந்தார்: செம்மஞ்சள் சோடி, பச்சைச் சோடி, நீலச் சோடி, மண்ணிறச் சோடி. இரு முனையிலும் ஒரே மாதிரி. ஒன்று ஒன்றுக்குப் போகிறது, எட்டு எட்டுக்குப் போகிறது. டெஸ்டர் கேட்பது அதை மட்டும்தான். அதனால் தேர்ச்சி கொடுத்துவிட்டது.

சரியான வரிசை கொஞ்சம் கோணலானது: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம். பச்சைச் சோடி பிரிந்து நின்று நீலத்தை நடுவில் விட்டுக்கொடுக்கிறது. இந்தக் கோணலுக்குத் தொலைபேசிதான் காரணம். பழைய தொலைபேசி வயரில், பிளக்கின் நடுவில் உள்ள இரண்டு ஊசிகளும் (உலோகத் தொடுமுனைகளும்) ஒரு சோடி. அதற்கு இடைஞ்சல் வராதபடி கணினி வயரின் வரிசையை அமைத்தார்கள். தொலைபேசி அந்த வழியாகப் போவது நின்றும் வரிசை நிற்கிறது.

சரி, எட்டும் எட்டுக்குப் போகும்போது நிறம் மாறினால் என்ன கெட்டுவிடும்? மின்சாரத்துக்கு நிறம் தெரியாதுதான். ஆனால் முறுக்கு தெரியும். ஒரு சோடியின் இரண்டு இழைகளிலும் ஒரே சமிக்ஞை எதிரெதிராக ஓடுகிறது. ஒன்றில் ஏறும்போது மற்றதில் இறங்கும். வெளியிலிருந்து வருகிற இரைச்சல், இரண்டும் முறுக்கிக் கிடப்பதால், இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் விழுகிறது. மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இரைச்சல் போய்விடும், சமிக்ஞை மட்டும் மிஞ்சும். கழித்தல் அவ்வளவு அழகான வேலையை வேறெங்கும் செய்து நான் பார்த்ததில்லை. இப்போது காக்காவின் கடை வயருக்கு வருவோம். கருவி மூன்றாவது ஊசியையும் ஆறாவது ஊசியையும் ஒரு சோடியாக நினைக்கிறது. உண்மையில் மூன்று பச்சை முறுக்கிலும் ஆறு நீல முறுக்கிலும் இருக்கின்றன. ஒன்றோடொன்று முறுக்காத இரண்டு இழைகளில் எதிரெதிர்ச் சமிக்ஞை போகிறது; கழித்தால் இரைச்சல் போவதில்லை. பக்கத்துச் சோடியில் ஓடுவதும் இதற்குள் கசிகிறது. பொட்டலங்கள் உடைந்து வந்து சேர்கின்றன. உடைந்ததைக் கருவி சத்தமில்லாமல் எறிந்துவிடுகிறது.

நூற்றுக்கு ஒன்று எறியப்பட்டால் என்ன, 99 வந்து சேருமே என்று தோன்றும். இணையம் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. பொட்டலம் தொலைந்தால், வழியில் நெரிசல் என்று நினைத்து அனுப்புகிறவர் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். பிறகு மெதுவாகத்தான் கூட்டுவார். இதற்கு 1997இல் வெளியான ஒரு சூத்திரம் இருக்கிறது. வேகம், தொலைகிற விகிதத்தின் வர்க்கமூலத்துக்கும், போய்வரும் நேரத்துக்கும் நேர்மாறாக இருக்கும் என்பது அதன் சாரம். போய்வர 60 மில்லிசெக்கன் எடுக்கிற தூரத்துச் சர்வரிலிருந்து இறக்குகிறீர்கள், நூற்றுக்கு ஒன்று தொலைகிறது என்று வைத்தால் விடை 2 மெகாபிட்டைச் சற்றுத் தாண்டும். போய்வர 10 மில்லிசெக்கன் என்றால் அதே வயரில் 14. இன்றைய கணினிகள் இதைவிடக் கெட்டித்தனமாக நடந்துகொள்கின்றன. என்றாலும் போக்கு இதுதான். சோதனைத் தளம் கொழும்பில் இருக்கும்போது ஓரளவு காட்டிவிட்டு, வெளிநாட்டுத் தளத்தில் படுத்துவிடுகிற வயர்கள் ஏன் அப்படிச் செய்கின்றன என்பதற்கு இது பொருத்தமான விளக்கம்.

இந்த வகைப் பழுதைக் கண்டுபிடிக்கக் கருவி வாங்க வேண்டாம். ரவுட்டரின் முகவரிக்குப் பெரிய பொட்டலமாக, 1,400 பைட் அளவில், பிங் (அனுப்பிய பொட்டலம் திரும்பி வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) விட்டுவிட்டுத் தேநீர் குடித்து வாருங்கள். வீட்டுக்குள் ஓடுகிற வயரில் ஒரு பொட்டலமும் தொலையக்கூடாது. நேரமும் ஒரு மில்லிசெக்கனைச் சுற்றித்தான் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு தொலைந்தாலே வயரில் கோளாறு என்று எடுத்துக்கொள்ளலாம். சின்னப் பொட்டலம் அனுப்பிச் "சரியாகத்தான் இருக்கிறது" என்று முடிவுகட்டாதீர்கள். சின்னது தப்பிப் பிழைத்துவிடும். வீட்டில் இரண்டு கணினி இருந்தால் ஐபெர்ஃப் என்ற இலவச மென்பொருளை இரண்டிலும் போட்டு, இணையத்தைத் தொடாமல் வயரை மட்டும் அளக்கலாம். நான் அதைத்தான் விரும்புவேன். நிறுவனத்தையும் கடலடிக் கேபிளையும் கணக்கிலிருந்து ஒரேயடியாக எடுத்துவிடுகிறது.

காக்காவின் வயருக்கு இரு முனையிலும் புதுப் பிளக் அடித்தோம். சோடியின் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் அவிழ்க்கக் கூடாது என்பது விதி, அதையும் கவனித்தோம். வயரை மாற்றவில்லை. கணினி கிகாபிட்டுக்கு ஏறியது.

மாற்றியே ஆக வேண்டிய வயரும் உண்டு. ஹாட்வெயார் கடையில் "கேட் 6" என்று வயரின் தரத்தை அச்சடித்த சுருள் இரண்டு விலையில் கிடைக்கும். கையில் தூக்கிப் பார்த்தால் ஒன்று மற்றதைவிட லேசாக இருக்கும். லேசானதன் இழையைப் பிளேடால் சுரண்டினால் செப்பு நிறம் போய் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். அலுமினியத்துக்கு மேல் மெல்லிய செப்பு உறை. அலுமினியம் செப்பின் கடத்துதிறனில் அறுபது சதவீதம் அளவுக்குத்தான் கடத்தும். வளைத்தால் சீக்கிரம் முறியும். உறை கீறுப்பட்ட இடத்தில் காற்றுப் பட்டால் அரிக்கும். நம் கரையோரத்துக் காற்றில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கேட் 5ஈ, கேட் 6 தரங்கள் முழுச் செப்பைத்தான் கேட்கின்றன. ஆகவே அந்தச் சுருளில் அச்சடித்திருப்பது வெறும் மை. மேசையில் கிடக்கிற ஒரு மீற்றர் வயருக்கு அது போதும் என்று வாதிடலாம். சுவருக்குள் புதைக்கிற வயருக்கு அதை வாங்குவது பற்றி எனக்குக் கடுமையான அபிப்பிராயம் இருக்கிறது. கண்காணிப்புக் கெமராவுக்கு அதே வயரால் மின்சாரமும் அனுப்புகிறவர்கள் கட்டாயம் தவிர்க்க வேண்டும், சூடேறும்.

மின்னலைப் பற்றிச் சொல்லாமல் மட்டக்களப்பில் வயரைப் பற்றி எழுத முடியாது. ஐப்பசிப் பின்னேரங்களில் இடி எப்படி இருக்கும் என்பது இங்கே வளர்ந்த பிள்ளைக்கும் தெரியும். ஆரையம்பதியில் எங்கள் வளவில் இரண்டு வீடுகள், ஒன்று என்னுடையது, மற்றது அண்ணனுடையது. இரண்டுக்கும் ஒரே இணைப்பு. இடையில் மதிலோரமாக வயர். ஒருநாள் பெரிய இடி விழுந்தது. மின்சாரம் போய் வந்தது, எல்லாம் ஓடியது. அண்ணன் மட்டும் இரண்டு நாள் கழித்து "இணையம் கிடந்து உருள்கிறது" என்றார். ரவுட்டரில் அவருடைய போர்ட் 10 என்று காட்டியது. ஆயிரம் அல்ல, நூறு அல்ல, பத்து. வேறு போர்ட்டில் செருகினால் சரி.

ஈதர்நெட் போர்ட்டுக்குள் சின்ன மின்மாற்றி இருக்கிறது; வயரையும் கருவியையும் அதுதான் பிரித்து வைக்கிறது. அது தாங்க வேண்டிய அளவு 1,500 வோல்ட் என்று தரம் சொல்கிறது. பக்கத்தில் மின்னல் விழும்போது இரு கட்டடங்களின் நில மின்னழுத்தத்துக்கு இடையில் அதைவிடப் பெரிய வித்தியாசம் வந்துவிடலாம். செப்பு வயர் அந்த இரண்டையும் இணைத்துக்கொண்டு நிற்கிறது. போர்ட் முழுதாகச் செத்தால் நல்லது. பாதி செத்தால் இப்படி 10இலும் 100இலும் நொண்டிக்கொண்டு கிடக்கும், மென்பொருளில் தேடிக்கொண்டே இருப்போம். இடிக்குப் பிறகு வேகம் குறைந்தால் போர்ட்டை மாற்றிப் பார்ப்பதுதான் முதல் வேலை. இரண்டு கட்டடங்களுக்கு இடையில் நாங்கள் இப்போது ஃபைபர் போட்டிருக்கிறோம். மின் சமிக்ஞையை ஒளியாக மாற்ற முனைக்கு ஒன்றாக இரண்டு மாற்றிப் பெட்டிகள், நடுவில் கண்ணாடி இழை. மின்னலுக்கு அதில் போக வழியில்லை.

வயரால் வராத மெதுவையும் வயரின் தலையில் கட்டக்கூடாது. ரவுட்டரில் நேராகப் பொருத்தியும் இரவு எட்டிலிருந்து பத்து வரை குறைந்து, நள்ளிரவில் ஏறுகிறது என்றால் அது வெளியே உள்ள நெரிசல். மாத அளவு முடிந்ததும் வேகத்தைக் குறைக்கிற பொதிகளில், மாதக் கடைசியில் மட்டும் படுப்பதற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். எங்கள் பக்கத்தில் அடிக்கடி கேட்கிற இன்னொன்று, "கொழும்பிலிருந்து தூரம், அதுதான் மெதுவாக வருகிறது" என்பது. கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீற்றர் போகிறது. கொழும்பு தெருவழியே 300 கிலோமீற்றருக்குச் சற்று மேலே. ஒளி போய்வர மூன்று மில்லிசெக்கன் போதும். பஸ்ஸில் போகிறவருக்குத்தான் கொழும்பு தூரம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, களுவாஞ்சிகுடியில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருவர், "அப்படியென்றால் கேட் 8 வாங்கவா சேர்?" என்றார். வேண்டாம். கேட் 8 தரவு நிலையங்களில் முப்பது மீற்றருக்குள் ஓடுவதற்கு உண்டானது. வீட்டில் கிகாபிட்டுக்கு முழுச் செப்பில் ஒழுங்கான கேட் 5ஈ 100 மீற்றர் வரை போகும். கேட் 6 போட்டால் 55 மீற்றர் வரை 10 கிகாபிட்டும் தாங்கும், எந்த அறையும் அதற்குள் அடங்கும். வயரின் பெயரைவிடக் குழாயைக் கவனியுங்கள் என்றேன். மேசன் சுவரைப் பூசுவதற்கு முன்பே கணினி வயருக்கென்று தனியாகப் பி.வி.சி. குழாய் பதிக்க வேண்டும். எலக்ட்ரீசியன் "இடம் இருக்கிறதே" என்று மின்சார வயர் போகிற குழாய்க்குள்ளேயே இதையும் சேர்த்து இழுக்கப் பார்ப்பார், விடக் கூடாது. இரைச்சல் ஒரு காரணம், 230 வோல்ட் அதைவிடப் பெரிய காரணம். வளைவுகளில் முழங்கை வைக்காமல் நீண்ட வளைவாக விட வேண்டும். எலி கடித்தாலோ தரம் மாறினாலோ பிற்காலத்தில் புதிய வயர் இழுக்க, குழாய்க்குள் ஒரு நைலோன் நூலும் கிடக்கட்டும். முடியுமானால் அறைக்கு இரண்டு வயர் இழுத்துவிடுங்கள். இரண்டாவதற்கு வயரின் விலை மட்டும்தான், கூலி முதலாவதோடு போய்விடும்.